லெஃப்ட் கார்னர்

பேரையூர் டீக்கடைகளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அரசியல் அவ்வளவாக எடுபடாது. மதுரைக் கல்லூரிகளுக்குப் போன பையன்கள் பஸ்ஸைவிட்டு இறங்குகிற நேரம் அது. பையைக் கழற்றுவதற்குள் கபடி வந்துவிடும்.

"இந்த வருசம் இன்டர் காலேஜ்ல நம்ம பயலுக ஃபைனலுக்கு வந்துருவாய்ங்க மாமா."

"ரைடு இருக்குடா. பிடி எங்க இருக்கு?"

மாமா அந்தக் காலத்தில் மண் தரையில் பாடியவர். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ரைடர் ஒருவன் நன்றாக ஓடினால் கூட்டம் கை தட்டும், வீடியோ சுற்றும். ஆனால் மேட்ச்சை ஜெயித்துக் கொடுப்பவன் கார்னரில் நிற்பவன்தான். ரைடருக்கு முப்பது வினாடி. போனஸ் கோட்டுக்கு அவன் கால் நீட்டும் அந்த ஒரு கணத்தில் கணுக்காலைப் பிடித்தாக வேண்டும். அரை நொடி முந்தினால் அவன் தாண்டிவிடுவான், பிந்தினால் நம்மைத் தொட்டுவிட்டுப் போய்விடுவான். இந்தப் பக்கத்துப் பையன்கள் சிலர் ஆடும் அணியில் லெஃப்ட் கார்னர் நல்ல கை. போன மாதத்திலிருந்து அவனுக்கு முட்டி வலி.

முட்டி வலிக்கும் காரணம் எல்லாருக்கும் தெரியும். பழகுவது மண்ணில், போட்டி 'மேட்' விரிப்பில். மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ அப்படியே பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பிவிடும், முட்டி திரும்பாது. 2014-இல் புரோ கபடி வந்தபிறகு ஊர் ஊராக ஜெர்சி வந்துவிட்டது, மேட் மட்டும் வந்தபாடில்லை. (தமிழ் தலைவாஸைப் பற்றி இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. 2017-இல் வந்து முதல் மூன்று சீசனும் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது. 2022-இல் அரையிறுதி வரை போனதைச் சொன்னால் மட்டும் முகம் மலரும்.)

வெளியூர்க்காரர் கேட்டால் ஏதோ கோப்பையைப் பற்றிய பேச்சு என்றுதான் நினைப்பார். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் புரியும்: யாருக்கு 'யூனிவர்சிட்டி' கிடைக்கும் என்பதுதான் கணக்கு. கல்லூரி அணியில் கவனம் பெற்றால் பல்கலைக்கழக அணி, அங்கிருந்து தென்மண்டலப் போட்டி, அந்தச் சான்றிதழை வைத்து போலீஸிலோ ரயில்வேயிலோ ராணுவத்திலோ விளையாட்டு ஒதுக்கீடு. மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் போடுகிற வீட்டில் உடம்பு நன்றாக இருக்கிற பையன் ஒரு முதலீடு. இதை நான் கொச்சையாகச் சொல்லவில்லை, அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

அதனால்தான் பேச்சு எப்போதும் ராணுவத்துக்குப் போன லட்சுமணனிடம் வந்து சேர்கிறது. டி.புதுப்பட்டிக்காரர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். இன்னொருவர் பெயரை யாரும் சொல்லவே வேண்டியதில்லை. 2022 ஆகஸ்ட் 11, விடியுமுன், ஜம்முவின் ரஜௌரி மாவட்டம் பர்கலில் ராணுவ முகாமுக்குள் புக வந்த இரண்டு தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் லட்சுமணன் உயிர் விட்டார். ரைபிள்மேன். வயது 24. கடையில் அவரை 'மாவீரர்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "நம்ம லட்சுமணன்" என்றுதான்.

13-ஆம் தேதி உடல் மதுரை விமான நிலையம் வந்தது. அஞ்சலி செலுத்திவிட்டுத் திரும்பிய அமைச்சரின் கார்மீது செருப்பு விழுந்தது. பிறகு டிவியில் செருப்புதான் ஓடியது. எறிந்தவர் யார், அதையொட்டி யார் கட்சி மாறினார் என்பதெல்லாம் பலருக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பர்கல் எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள். டீக்கடையில் அப்படி இல்லை. முகாமின் வேலி, இருட்டு, காவலுக்கு நின்றவர்கள் முதலில் குரல் கொடுத்தது என்று ஆட்டத்தை விவரிப்பதுபோலவே அதையும் விவரிக்கிறார்கள். அந்த வேலைக்குப் போகப்போகிறவர்கள் கேட்கிறார்கள் அல்லவா?

ஆடிவிட்டு ராணுவத்துக்குப் போனவர் அமெரிக்காவிலும் ஒருவர் இருந்தார், பேட் டில்மேன் என்று. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிப் பேர் வாங்கி, தொழில்முறை அணிக்குப் போனவர். 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை உதறிவிட்டு 2002-இல் ராணுவத்தில் சேர்ந்தார். 2004-இல் ஆப்கானிஸ்தானில் சொந்தப் படையின் குண்டுக்கே பலியானார். வீட்டாரிடம் முதலில் எதிரி சுட்டதாகச் சொன்னார்கள். கல்லூரி ஸ்டேடியத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அங்கே உதறியதற்காக வீரன். இங்கே உதற ஒன்றுமில்லை, சம்பளத்துக்காகத்தான் சேர்கிறார்கள். அதனால் வீரம் ஒரு மாற்றுக் குறைந்துவிடுமா என்ன? வேலியோரம் இருட்டில் நிற்கிறபோது சம்பளம் யாருக்கு நினைவிருக்கும்?

இந்த மண்ணுக்கு அரசாங்கத்தின் துப்பாக்கி புதிதல்ல. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்துப் பதினாறு பேர் செத்தார்கள். அந்தப் பக்கத்து ஊர்களின் கொள்ளுப்பேரன்கள் இன்று ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் வரிசையில் நின்று கைரேகை வைக்கிறார்கள், அதுவும் எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்ற தவிப்போடு. மாமாவிடம் இதைச் சொன்னேன். "அது வேற ரேகை, இது வேற ரேகை" என்று முடித்துவிட்டார்.

அவருடைய கவலை வேறு. லட்சுமணன் சேர்ந்தபோது ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் கிடையாது. அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்புதான் அது அறிவிக்கப்பட்டது. நான்கு வருடம், பிறகு நாலில் ஒருவருக்குத்தான் வேலை நீடிக்கும். "காலேஜ் டீம்ல ஆடுற மாதிரிதான், முடிஞ்சதும் சட்டையக் கழத்திட்டு வந்துரணும்" என்கிறான் ஒருவன். ஆனாலும் காலையில் இதே கபடி மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவர்கள் குறைந்தபாடில்லை. ஆள்சேர்ப்பில் 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண் 60. பத்து புல்அப்ஸுக்கு 40.

லெஃப்ட் கார்னர் பையனும் அந்த ஓட்டத்தில் இருக்கிறான். ஆள்சேர்ப்பும் இன்டர் காலேஜும் ஒன்றையொன்று ஒட்டி வரும்போல் இருக்கிறது. டீமுக்கு ஆடு என்கிறது ஒரு கட்சி, முட்டியை மிச்சம் பிடி என்கிறது இன்னொன்று. "மொதல்ல டாக்டர்ட்ட காட்டிட்டு வாடா" என்கிறார் மாமா. அவன் காட்டவில்லை, ஏதாவது சொல்லிவிடுவார் என்ற பயம்.

அவன் இல்லாவிட்டால் அந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்று பேச்சு நகர்ந்தது. இரண்டாம் வருடப் பையன் ஒருவன் பெயர் வந்தது.

"அவன் கணுக்காலுக்குப் போக மாட்டான்ணே, இடுப்பத்தான் பிடிப்பான்" என்று உடனே ஒருவன் மறுத்தான்.

"பழக்கிக்கலாம்டா, இன்னும் நாள் இருக்குல்ல" என்றார் மாமா.