மணி கத்தவில்லை!

எங்கள் வீட்டு மணி அல்சேஷனும் இல்லை, பொமரேனியனும் இல்லை. ராயபுரத்தில் பிறந்து, காசிமேட்டு மீன் தலையில் வளர்ந்த அசல் நாட்டு நாய். ஒரு நாள் தட்டை மோந்து பார்த்துவிட்டு, சாப்பிடாமல் மூலையில் போய்ப் படுத்துக் கொண்டது. வாயில் ஜொள். தாடையில் லேசாக வீக்கம். ஆனால் சத்தம் கித்தம் எதுவும் இல்லை.

"கத்தலியே... பெரிசா ஒண்ணும் இருக்காது" என்றேன். ஆபீஸில் குப்பை கொட்டிய காலத்தில் கற்ற பாடம் அது. கத்துகிறவனுக்குத்தான் இன்க்ரிமென்ட், அதே கணக்கில் கத்துகிறவனுக்குத்தான் வலி!

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. என் முதுகுவலிக்கு வாங்கி வைத்திருந்த டைக்ளோஃபினாக் மாத்திரையில் பாதியை வெண்ணெயில் பொதிந்து ஊட்டினேன். மனைவிக்குத் தெரியாமல்தான்.

மறுநாள் காலை அவள்தான் கவனித்தாள். மணியின் கடைவாயில் நைலான் நரம்பு தொங்கியது. மீன் தலையோடு தூண்டில் முள்ளையும் கடித்திருக்கிறது. நாக்குக்கு அடியில் குத்தி நின்றது முள்.

தெருவே கூடிவிட்டது.

"இன்னா சார், இதுக்குப் போயி டாக்டரா? நாலு பேரு புட்ச்சிக்கினா, கட்டிங் பிளேயர்ல ஒரே இஸ்ப்பு!"

"மயக்க ஊசியெல்லாம் வாணாம்பா. நாய்ங்க எந்திரிக்கவே எந்திரிக்காது" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர்.

நானும் ஆடிப் போனேன். யோசித்துப் பாருங்கள். வலிக்குப் பயப்படாத நாம் மயக்கத்துக்குப் பயப்படுகிறோம். ஏன்? வலி நாய்க்கு, மயக்கம் தெளியாவிட்டால் பழி நமக்கு!

நாலு பேர் அமுக்கிப் பிடிப்பது ஒன்றும் புதுசில்லை. 1846ல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து ஊரறிய ஆபரேஷன் செய்து காட்டும் வரை மனுஷனுக்கே பெரும்பாலும் அந்த வைத்தியம்தான். பச்சைக் குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்று நம்பி, போதிய மயக்க மருந்தில்லாமல் கத்தி வைப்பது 1980கள் வரைகூட மேல்நாட்டில் நடந்திருக்கிறது. வாயில்லாத ஜீவன் என்றால் எல்லா ஊரிலும் இளப்பம்தான்.

மனைவி ஆட்டோவே கொண்டு வந்துவிட்டாள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1903ல் ஆரம்பித்த கல்லூரி அது. டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார்.

"வீட்ல ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?"

பக்கத்தில் மனைவி. 'இல்லை' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. மணி என்னையே பார்த்துக் கொண்டிருந்தது.

"அரை மாத்திரை... டைக்ளோஃபினாக்..."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த மாத்திரை நாயின் வயிற்றில் புண்ணாக்கும், கிட்னியையும் பதம் பார்க்கும். கிட்னி சரியில்லை என்றால் மயக்க மருந்திலும் ஆபத்து அதிகம் என்றார். அதைச் சொல்லாமல் மறைத்திருந்தால், அவர் மேலே இன்னொரு மாத்திரையும் கொடுத்திருப்பாராம். பூனையாக இருந்து, பாரசிட்டமால் கொடுத்திருந்தால் ஒரு மாத்திரையே உயிரை வாங்கியிருக்குமாம். (மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்கால், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாய் அழிந்து, 2006ல் அந்தக் கால்நடை மருந்தைத் தடை செய்தார்களே, அதே சரக்குதான்!)

ரத்தம் எடுத்தார்கள். ஆபரேஷன் நாளைக் காலை, வெறும் வயிற்றோடு வரணும். வேறு வகை வலி ஊசி ஒன்று போட்டு, நரம்பைக் கத்தரித்து அனுப்பினார்கள்.

சாயங்காலம் மணி எழுந்து வந்து என் காலை நக்கி, சோற்றுத் தட்டைப் பார்த்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை மூலையில் சாதுவாகப் படுத்திருந்ததே, அது சாதுத்தனம் இல்லை, வலி!

ராத்திரி பட்டினி போட வேண்டுமே? மயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடுமாம். தெருவெல்லாம் வஞ்சிரம் வறுக்கிற வாசனை. நானும் மணியும் கதவைச் சாத்திக் கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாவத்துக்கு நானும் சாப்பிடவில்லை. (பத்து மணிக்கு மேல் இரண்டு பிஸ்கட் மட்டும். மணி தூங்கிய பிறகு.)

ரத்த ரிப்போர்ட்டில் கிட்னி தப்பித்தது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. பி.காம். படித்தவன், எத்தனையோ வவுச்சரில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவன். முக்கால் மணி நேரத்தில் முள் வெளியே வந்தது. அதன் வளைவில் இருந்த எதிர்முள்ளைப் பார்த்ததும் கட்டிங் பிளேயர் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது.

மணி சம்பள நாள் ராத்திரி ஆசாமி மாதிரி தள்ளாடி எழுந்தது. நேரே மனைவியிடம் போய்ச் சாய்ந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று நாள் மருந்து. வேளா வேளைக்கு அவள்தான் கொடுத்தாள். மாத்திரைப் பெட்டி இப்போது பீரோவுக்குள், சாவி அவளிடம். போன வாரம் முதுகு பிடித்துக் கொண்டது. "ஒரே ஒரு மாத்திரை..." என்று கெஞ்சினேன்.

"நீங்கதான் கத்தலியே... பெரிசா ஒண்ணும் இருக்காது" என்றாள்.