குதிரைக்கு முன் இருந்த விலங்கு

1962இல் ஃபோர்டு நிறுவனத்தின் வடிவமைப்புக் கூடத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாளில் மஸ்டாங் ஆன காரின் களிமண் மாதிரி. முகப்பில் ஓடும் குதிரை இல்லை. கூகர் என்னும் மலைச்சிங்கம் நிற்கிறது. ஜோ ஓரோஸ் குழுவினர் அதற்கு இட்ட பெயரும் அதுவே. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் கார் அறிமுகமானபோது அங்கே குதிரை குடியேறிவிட்டது. கூகர் என்ற பெயர் பிற்பாடு மெர்க்குரியின் காருக்குப் போயிற்று. செவர்லே கேமரோவும் உருவாகிய காலத்தில் பாந்தர்தான்.

வகுப்பில் பாடபேதங்களின் அருமையை ஓயாமல் பேசுகிறவன் நான். என் கவிதைகளின் முதற்படிகளையோ, பிறர் கண்ணில் பட்டுவிடலாகாதென்று கிழித்தெறிந்திருக்கிறேன். அவர்கள் மண்ணில் பிசைந்ததைக்கூடப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். கிழித்தவற்றுள் ஒரு வரியும் இப்போது என் நினைவில் இல்லை.