உரலில் இடிபடும் காப்பி: கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் ஒரு கைத்தொழில்

தான்சானியாவின் வடபகுதியில், 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோ மலையின் தென்னடிவாரத்தில் அமைந்த மோஷி நகருக்கு வரும் வெளிநாட்டார் பெரும்பாலும் மலையேறவே வருகின்றனர். ஆயினும் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் அவர்களிடம் எஞ்சும் ஓரிரு நாட்களை நம்பி, நகரைச் சுற்றி ஒரு தனிப் பிழைப்பே வளர்ந்துள்ளது. கென்ய எல்லையில் பழைய எரிமலை வாயை நிறைத்து நிற்கும் சாலா ஏரி, வெந்நீர் ஊற்று என்று பெயர்பெற்றும் வெதுவெதுப்பைத் தாண்டாத கிக்குலெத்வா, மாசாய் மக்களின் தாக்குதல்களுக்கு அஞ்சி உள்ளூர் சக்கா மக்கள் ஒளிந்திருந்த மரங்குவின் நிலவறைகள், அதனருகே ஈட்டியும் மணியும் அடிக்கும் கொல்லர் பட்டறைகள் ஆகியவை அரைநாளில் பார்த்துத் திரும்பக்கூடியவை. நகருக்கு வடக்கே உள்ள மத்தெருனி போன்ற சிற்றூர்களில் நடக்கும் காப்பிச் செய்முறையைக் காணச் செல்வோர் மட்டும் உள்ளங்கை சிவக்க உலக்கை பிடித்துவிட்டே திரும்ப நேர்கிறது.

இத்தொழிலின் களம் தோட்டமும் அன்று, தொழிற்சாலையும் அன்று, வீட்டுக்கொல்லையே ஆகும். கிஹம்பா எனச் சக்கா மக்கள் வழங்கும் இக்கொல்லையில் உயர்ந்த நிழல் மரங்களும், அவற்றின் கீழ் வாழையும், வாழைக்குக் கீழே காப்பிச் செடியும், தரையோடு சேம்பு, பீன்ஸ், கீரை முதலியனவும் அடுக்கடுக்காக வளர்வதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பராமரிப்பற்ற காடுபோலத் தோன்றலாம். உண்மையில் ஒவ்வொரு செடியும் இன்ன நிழலுக்கு, இன்ன ஈரத்துக்கு என்று கணக்கிட்டு வைக்கப்பட்டதாகும். மலையோடைகளிலிருந்து நீரைச் சரிவின் போக்கிலேயே திருப்பிக் கொண்டுவரும் ம்ஃபோங்கோ என்னும் வாய்க்கால்களே இதற்கு உயிர்நாடி. அவற்றை வெட்டுவதும் தூர்வாருவதும் முறைவைத்துப் பாய்ச்சுவதும் ஊர்ப்பொதுப் பணியாகும். முன்னோரின் கல்லறைகளும் கிஹம்பாவுக்குள்ளேயே இருப்பதால் அது விற்றுவிட்டுப் போகக்கூடிய நிலமாகக் கருதப்படுவதில்லை. தாருஸ்ஸலாமில் வேலைபார்க்கும் சக்கா குடும்பங்கள் டிசம்பர் இறுதியில் கூட்டங்கூட்டமாக மோஷிக்குத் திரும்புவதும் இதனாலேயே.

காப்பி இம்மண்ணுக்குப் பழையதன்று. 1898ஆம் ஆண்டையொட்டிக் கத்தோலிக்கத் துறவியர் கிலெமா என்னுமிடத்தில் நட்ட செடிகளிலிருந்து அது பரவியது. முதல் உலகப் போருக்குப் பின் ஆட்சி ஜெர்மானியரிடமிருந்து பிரித்தானியரிடம் மாறியபோது, வெள்ளைக் குடியேறிகளின் எதிர்ப்பையும் மீறிச் சக்கா உழவர் தங்கள் கொல்லைகளிலேயே அதை வளர்த்தனர். 1925இல் அவர்கள் அமைத்த பயிரிடுவோர் சங்கமும், அதன் இடத்தில் 1933இல் தோன்றிய கிளிமஞ்சாரோ சுதேசிக் கூட்டுறவு ஒன்றியமும் ஆப்பிரிக்க உழவர் கூட்டுறவுகளின் வரலாற்றில் மிகப் பழையவற்றுள் சேரும். காப்பிப் பணத்தில் பள்ளிகள் எழுந்தன. 1976இல் அரசு கூட்டுறவு ஒன்றியங்களைக் கலைத்ததும், அவை 1980களில் மீண்டபின் சில ஆண்டுகளிலேயே, 1989இல், பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை சரிந்து விலை வீழ்ந்ததும் அடுத்தடுத்து வந்த அடிகளாயின. பலர் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் காய்கறி வைத்தனர். இன்று வருகையாளருக்குக் காட்டப்படும் கொல்லை, அவ்வாறு பிடுங்காமல் தாக்குப்பிடித்தவரின் கொல்லை என்பதை வழிகாட்டிகள் ஏனோ அதிகம் சொல்வதில்லை.

பறிப்பில்தான் தொழிலின் முதல் நுட்பம் இருக்கிறது. ஒரே கிளையில் பச்சைக்காய், மஞ்சள்காய், சிவந்த பழம் மூன்றும் ஒன்றாக நிற்பதால், கிளையை உருவாமல் சிவந்ததை மட்டும் விரல்நுனியால் திருகி எடுக்க வேண்டும். ஒரு செடிக்கு ஒரு பருவத்தில் பலமுறை திரும்பி வர வேண்டும். பறித்த பழத்தை அன்றே, பல்ப்பர் எனப்படும் கையால் சுற்றும் சிறு இயந்திரத்தில் கொட்டி, மேல்தோலைப் பிரிக்கின்றனர். தோல் நீங்கிய கொட்டையின்மேல் வழவழப்பான ஒரு பசை ஒட்டியிருக்கும். வாளியிலோ தொட்டியிலோ ஒன்றிரண்டு நாள் ஊறப்போட்டுப் புளிக்கவிட்டால்தான் அது கழுவப் போகும். புளிப்பு போதுமா என்பதை அறியக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை: கொட்டைகளைக் கையில் அள்ளித் தேய்க்கும்போது வழுக்காமல் கூழாங்கல்போல் கரகரத்தால் பதம் வந்தது என்று கொள்கின்றனர். மலையின் மேலூர்களில் குளிர் மிகுதியாதலால் இப்பதம் தாமதமாகவும், கீழூர்களில் விரைவாகவும் வருமாகையால், அளவு சொல்லிக் கற்பிக்க முடியாத அறிவு இது.

கழுவிய கொட்டை, தரையில் படாதபடி கம்பிவலை அல்லது சாக்கு விரித்த உயர்ந்த பரண்களில் ஒன்றிரண்டு வாரம் காய்கிறது. நடுப்பகல் வெயில் கடுமையானாலும் மழை வந்தாலும் மூட வேண்டும். இடையிடையே துழாவி, உடைந்ததையும் பூச்சி அரித்ததையும் பொறுக்க வேண்டும். இப்பொறுக்குதலில் பெரும்பகுதி பெண்களுடையது. காய்ந்தபின் கொட்டையைச் சுற்றி எஞ்சும் வெளிறிய மெல்லோட்டுடன் கூடிய நிலைக்குப் பார்ச்மெண்ட் என்று பெயர். உழவர் சங்கத்துக்கு எடைபோட்டுக் கொடுப்பது இந்நிலையில்தான். அதற்குமேல் ஓடு நீக்குவதும் தரம்பிரிப்பதும் மோஷியின் ஆலைகளிலும், வறுப்பது பெரும்பாலும் கடல்கடந்த நாடுகளிலும் நடக்கின்றன.

ஆகவே, வருகையாளர் முன் அரங்கேறும் இறுதிப்பகுதி, அதாவது உரலும் முறமும் அடுப்பும் வரும் பகுதி, தலைமுறைகளாகக் காப்பி விற்றவரின் வழக்கமான தொழிலில் மிகச் சிறிதளவே இடம்பெற்றிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. தான்சானியாவில் விளையும் காப்பியின் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போவதாலும், நாட்டு மக்கள் தேநீரையே மிகுதியும் பருகுவதாலும், தம் கொட்டையின் சுவையை அறியாமலே மூட்டை கட்டியனுப்பிய உழவர் பலர். சுவாஹிலி மொழியில் கினு என்னும் மர உரலும் ம்ச்சி என்னும் உலக்கையும் தானியம் குத்தப் பயன்பட்டவை. சுற்றுலாவே அவற்றைக் காப்பியின்பக்கம் மிகுதியாகத் திருப்பியது. இதைக் கொண்டு இக்காட்சியைப் போலி என்று ஒதுக்குவது அவசரமான முடிவாகும். வேறு நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சங்கிலியின் கடைசிக் கண்ணிகளைக் கொல்லைக்கே மீட்டுக்கொண்டுவந்த புதிய கைத்தொழில் இது. புதிதாயினும் அதற்குரிய திறன் உண்மையானது.

ஓடு கழல வேண்டும், உள்ளிருக்கும் பச்சைக் கொட்டை உடையக் கூடாது; இதுதான் குத்துவதன் கணக்கு. உலக்கையை ஓங்கி இறக்குபவர் கொட்டையை நொறுக்கிவிடுவார். ஆகையால் இருவர் மூவர் ஓர் உரலைச் சூழ்ந்து மாறிமாறிக் குத்துவதற்கு ஒரு தாளம் வேண்டியிருக்கிறது. குத்து என்னும் பொருள்படும் ‘ட்வாங்கா’ என்ற சொல்லை முன்னவர் எடுக்க, மற்றவர் வாங்கிப் பாடும் பாட்டு அத்தாளத்தைக் கொடுக்கிறது. வருகையாளர் தாளம் தவறி உலக்கைகள் மோதும்போது எழும் சிரிப்பும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியே போலும். பின்பு உங்கோ என்னும் வட்டத் தட்டில் புடைக்கின்றனர்: தமிழ்நாட்டு முறத்தின் வாய் திறந்திருக்க, இதற்குச் சுற்றிலும் விளிம்புண்டு, ஆனால் மணிக்கட்டின் சிறு துள்ளலில் உமி முன்னோக்கிப் பறப்பதும் மணி பின்தங்குவதும் இரண்டிலும் ஒன்றே.

வறுப்பது பெரும்பாலும் மூத்தவர் கையிலேயே விடப்படுகிறது. மாஃபிகா என்னும் மூன்று அடுப்புக்கற்களின்மேல் சுஃபுரியா என்னும் விளிம்புள்ள அலுமினியப் பாத்திரத்தை வைத்து, மரக்கரண்டியால் நிறுத்தாமல் துழாவ வேண்டும். விறகுத் தீயை இழுத்தும் தள்ளியும் சீர்ப்படுத்துவதே இங்கு வெப்பமானி. பச்சைக் கொட்டை மஞ்சளாகி, வைக்கோல் மணம் மாறி, பொரியின் ஓசையுடன் வெடிக்கத் தொடங்கியபின் சில நிமிடங்களே அவகாசம்; நிறத்தைப் புகை மறைப்பதால் காதும் மூக்கும் சொல்வதைக் கேட்டே இறக்குகின்றனர். வறுத்ததை மீண்டும் உரலிலிட்டு, இம்முறை தயக்கமின்றி, பொடியாகும்வரை இடித்து, கொதிநீரில் இட்டு வடிகட்டித் தருகின்றனர். வண்டல் நாவில் நிற்கும்; பால் கேட்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இதே கொல்லையில் காப்பிக்கும் மூத்த பானமொன்று உண்டு. பழுத்த வாழையை நெடுநேரம் வேகவைத்து நொதிக்கவிட்டு, முளைகட்டிய கேழ்வரகின் கூழைச் சேர்த்துச் செய்யும் ம்பெகே என்னும் கள்ளில், ம்செசெவே என்னும் மரத்தின் பட்டை கசப்பேற்றுகிறது. திருமணப் பேச்சும் நிலத்தகராறும் இது சுரைக்குடுவையில் சுற்றிவராமல் முடிவதில்லை என்பர். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் தோன்றி இந்தியாவுக்கு வந்த தானியமாதலால், களியும் கூழும் உண்டு வளர்ந்த தமிழர் எவரும் இக்கொல்லையில் முற்றிலும் அந்நியரல்லர்.

உரலருகே நின்று பாட்டெடுக்கும் இளைஞருள் மலையேற்றச் சுமைதூக்கிகளாகவும் செல்வோர் உண்டு. தேசியப் பூங்காவின் விதிப்படி ஒருவருக்கு 20 கிலோவுக்குமேல் சுமை ஏற்றக் கூடாது என்பதால் வாயிலில் மூட்டைகள் நிறுக்கப்படுகின்றன; எனினும் கூலியும் உணவும் உடையும் முறையாகக் கிடைப்பதைக் கண்காணிக்கத் தனி அமைப்பு ஒன்று மோஷியில் இயங்க வேண்டியிருப்பதே அத்தொழிலின் நிலையைக் காட்டும். கொல்லைவேலையில் அவ்வளவு பணமில்லை, ஆனால் இரவில் வீடு திரும்பலாம்.

காய்ப்புப் பருவம் ஏறத்தாழ ஜூலை முதல் டிசம்பர் வரையே என்பதால், மற்ற மாதங்களில் வருவோருக்குக் காட்டுவதற்கென ஒரு சாக்குப் பார்ச்மெண்ட் தனியே எடுத்துவைக்கப்படுகிறது. மற்றச் சாக்குகள் சங்கத்தின் தராசுக்குப் போகின்றன. வருகையாளர் வாங்கிச்செல்லும் சிறு பொட்டலத்துக்கு உடனடிப் பணமும், சங்கத்துக்குப் போன மூட்டைக்கு ஏலம் முடிந்தபின் தவணையாக வரும் பணமும் என்று ஒரே செடியின் கொட்டை இரண்டு கணக்குகளில் எழுதப்படுகிறது. அவற்றுள் எது பெரிதாகிறதோ அதைப் பொறுத்தே அடுத்த மழைக்குமுன் அக்கொல்லையில் நடப்படுவது காப்பிக் கன்றா தக்காளி நாற்றா என்பது முடிவாகிறது.