மாத்தளை மிளகும் எங்கள் மிளகும்

2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு பெரிய அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த நாட்டுச் சரக்குக்கு எவ்வளவு வரி என்று வாசித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? இந்தியாவுக்கு 26 சதவீதம், இலங்கைக்கு 44, வியட்நாமுக்கு 46. மறுநாள் எங்கள் பொருளாதார வகுப்பில் ஒரே ரகளை. "உலக வர்த்தகமே போச்சு" என்று ஒரு கோஷ்டி, "நாமளும் பதிலுக்குப் போடணும்" என்று இன்னொரு கோஷ்டி. நான் வாயே திறக்கவில்லை. எனக்கு அந்த அட்டையில் இந்த மூன்று பெயர்கள்தான் கண்ணில் பட்டன. இதே மூன்று நாடுகளை வைத்து எங்கள் வீட்டில் ஏழு வருஷத்துக்கு முன்பே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது.

அந்தச் சண்டையைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பண்ணைக்காட்டுப் பக்கம். கொடைக்கானல் என்றதும் ஏரி, சைக்கிள், சாக்லேட் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அது மேலே. நாங்கள் கீழ்மலை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, பாச்சலூர் எல்லாம் இந்த வகையறா. காப்பிதான் முக்கியப் பயிர். காப்பிக்கு நிழல் கொடுக்க சில்வர் ஓக் மரம், அந்த மரத்தில் ஏறும் மிளகுக் கொடி, இடையிடையே மலைவாழை, ஆரஞ்சு. தாண்டிக்குடியில் காப்பிக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம், பக்கத்தில் தடியன்குடிசையில் தோட்டக்கலைக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் என்று அரசாங்கமும் இங்கே இருக்கிறது.

"காப்பி சோறு போடும், மிளகுதான் கடனை அடைக்கும்" என்பார் அப்பா. எங்களுக்கு இருப்பது இரண்டு ஏக்கர். தை, மாசியில் ஏணி போட்டு மிளகு பறித்து, காலால் மிதித்து உதிர்த்து, களத்தில் காயவைத்து மூட்டை கட்டிவிட்டால் லேசில் கெடாது. விலை வரும்வரை வீட்டு மூலையில் கிடக்கும். எங்களுக்கு அதுதான் பேங்க். என் கல்லூரிக் கட்டணமும் அந்த மூலையிலிருந்துதான் வந்தது.

இந்த இரண்டு ஏக்கர் எங்களுக்குப் பரம்பரைச் சொத்து இல்லை. தாத்தாவும் அப்பாயியும் பிறந்தது இலங்கையில், மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில். 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3 லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று ஆளைப் பிரித்தார்கள். அதில் அப்பாயி இந்தப் பக்கம் விழுந்தார், அவர் தங்கச்சி அந்தப் பக்கம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கொடைக்கானல் மலைக்கு மரம் வெட்டும் வேலைக்கு வந்தவர்கள். பிறகு காப்பித் தோட்டத்தில் கூலி. கடைசிக் காலத்தில் தாத்தா வாங்கியதுதான் இந்த நிலம். ஊரில் இன்றைக்கும் எங்களைச் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள்.

மாத்தளையில் தங்கிவிட்ட அந்தத் தங்கச்சியின் மகன் எனக்குச் சித்தப்பா முறை. அவருக்கும் வீட்டைச் சுற்றி மிளகுக் கொடிகள் உண்டு. அதோடு ஊருக்குள் வீடு வீடாகப் போய் மிளகு வாங்கி டவுன் கடையில் கொடுக்கும் சின்ன வியாபாரம். கடலுக்கு இந்தப் பக்கம் அண்ணன் மிளகு பறிக்கிறார், அந்தப் பக்கம் தம்பி மிளகு பறிக்கிறார்!

இப்போது வரிக்கு வருவோம்.

இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28ம் தேதி டெல்லியில் ஒரு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டன. 2000 மார்ச்சிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கை மிளகு வருஷத்துக்கு 2,500 டன் வரை வரியே இல்லாமல் இங்கே வரலாம். அதற்கு மேல் வந்தால் தெற்காசிய நாடுகளுக்கான இன்னொரு ஒப்பந்தத்தில் 8 சதவீதம். சரி, வியட்நாம் மிளகுக்கு? சாதாரண வரி 70 சதவீதம். 2009ல் கையெழுத்தான ஆசியான் ஒப்பந்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக 50க்கு இறக்க ஒத்துக்கொண்டார்கள். 2017 வாக்கில் 50க்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

கணக்கு எளிது. 100 ரூபாய் வியட்நாம் மிளகு நேராக கொச்சிக்கோ தூத்துக்குடிக்கோ வந்தால் 150க்கு மேல் ஆகிவிடும். அதே மிளகு கொழும்பில் இறங்கி, 'இது இலங்கையில் விளைந்தது' என்று ஒரு சான்றிதழோடு வந்தால் 100, அல்லது 108. நடுவில் இருக்கும் 40, 50 ரூபாய்க்கு ஆசைப்படாத வியாபாரி உண்டா? உலகத்திலேயே அதிகம் மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். அங்கே அந்த வருஷங்களில் விளைச்சல் எக்கச்சக்கம், விலை சரிவு. குடகு, வயநாடு விவசாயிகள் "இலங்கை மிளகு என்ற பெயரில் வியட்நாம் மிளகு வருகிறது" என்று கூப்பாடு போட ஆரம்பித்தார்கள். 2016ல் கிலோ 700 ரூபாயைத் தொட்ட எங்கள் மிளகு, 2018 தையில் 400 பக்கம் வந்து நின்றது. அதற்கப்புறமும் இறங்கி 300 சொச்சம்.

இது முதல்முறை இல்லை என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதே ஒப்பந்தம் வந்த புதிதில் வனஸ்பதியில் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. பாமாயிலுக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. உடனே இந்திய முதலாளிகளே இலங்கையில் போய் வனஸ்பதி ஆலை போட்டார்கள். மலேசியா, இந்தோனேசியா பாமாயிலை அங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இங்குள்ள ஆலைகள் கத்தின. வருஷத்துக்கு 2,50,000 டன்தான் என்று இந்தியா கட்டுப்பாடு போட்டது. அங்கே ஆலைகள் மூடின. இலங்கைக்காரர்களுக்கு 'இந்தியா சொன்ன சொல்லைக் காப்பாற்றாது' என்ற மனக்குறை. இந்தியர்களுக்கு 'இலங்கை புறவாசல்' என்ற சந்தேகம். இத்தனைக்கும் பாமாயில் இரண்டு நாட்டுக்காரர்களுடையதும் இல்லை!

மிளகிலும் அப்படியே ஆனது. 2017 டிசம்பரில் இந்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. கிலோ 500 ரூபாய்க்குக் குறைவான விலையில் மிளகு இறக்குமதி செய்யக்கூடாது. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி. செய்தியைப் படித்த அன்றைக்கு அப்பா கடைவீதியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

தை பிறந்ததும் சித்தப்பாவிடமிருந்து போன். வழக்கமாகப் பொங்கல் வாழ்த்து சொல்லும் போன்தான். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோரும் கேட்டோம்.

"அண்ணே, உங்க அரசாங்கம் 500 ரூபா சட்டம் போட்டதுல இருந்து இங்க கடைக்காரன் மூட்டையைப் பிரிச்சுக்கூட பார்க்க மாட்டேங்கிறான். நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

அப்பாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என்ன தப்பா? வியட்நாம் மிளகைச் சிலோன் மிளகுன்னு சொல்லி அனுப்புறது யாரு? உங்க ஆளுங்கதானடா! எங்க வயித்துல அடிச்சுட்டு என்ன தப்புன்னு வேற கேக்குறியா?"

"நானா அனுப்பினேன்? அந்த மிளகு வந்து எங்க விலையும்தான் விழுந்துச்சு. அனுப்புறவன் கொழும்புல இருக்கான். வாங்குறவன் உங்க நாட்டுலதான் இருக்கான். அவனைக் கேளுங்க."

போன் கட். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இரண்டு பேரும் பேசவில்லை. நடுவில் மாத்தளையில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது, அப்பா போகவில்லை. அப்பாயி மட்டும் என் செல்போனை வாங்கி, மாடிப்படியில் உட்கார்ந்து, தங்கச்சியிடம் குசுகுசுவென்று பேசிவிட்டுத் தருவார். 1964ல் பிரித்தவர்களை எங்கள் அப்பாயி திட்டி நான் கேட்டதில்லை. மிளகைத் திட்டியிருக்கிறார்.

பிறகு படித்துப் பார்த்தபோது சித்தப்பா சொன்னதில் பெரும்பகுதி நியாயம் என்று தெரிந்தது. அங்குள்ள விவசாயிகளும் வியட்நாம் மிளகு வருவதை எதிர்த்திருக்கிறார்கள். அதே சமயத்தில் இலங்கை அரசும் மறு ஏற்றுமதிக்காக மிளகு இறக்குமதி செய்வதை நிறுத்தி வைத்தது. மாத்தளை, கண்டி மிளகுக்குப் பெரிய சந்தையே இந்தியாதான். காரம் அதிகம் என்பதால் மிளகுச் சாறு எடுக்கும் ஆலைகளுக்கு அது பிடிக்கும். அந்த நல்ல மிளகும், அதன் பெயரில் வந்த கள்ள மிளகும் ஒரே உத்தரவில் நின்றுபோயின.

சரி, 500 ரூபாய்ச் சுவர் எங்களையாவது காப்பாற்றியதா? அப்பா 2019ல் விற்றது 300 சொச்சத்துக்கு. உலகச் சந்தையிலேயே மிளகு குவிந்து கிடந்தது. தவிர, சுவருக்கும் சந்து உண்டு. 300 ரூபாய் சரக்குக்கு 500 என்று பில் போட்டால் வேலை முடிந்தது. விலை திரும்பியது எப்போது தெரியுமா? வியட்நாம் விவசாயிகள் மிளகு கட்டுப்படியாகவில்லை என்று காப்பிக்கும் துரியன் பழத்துக்கும் மாறி, அங்கே விளைச்சல் குறைந்த பிறகு. 2025 தையில் கிலோ 600க்கு மேல் போனது. நாங்கள் போட்ட சண்டைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வரியே வேண்டாம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. இரண்டு ஏக்கர்க்காரனால் வியட்நாமோடு விலையில் போட்டி போட முடியாது. 70, 50 என்று ஒரு வேலி இல்லாவிட்டால் கீழ்மலையில் மிளகுக் கொடியை வெட்டிவிட்டு ரிசார்ட்டுக்கு நிலத்தை விற்றிருப்பார்கள். என் கட்சி வேறு. பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு வரி, தூரத்துக்காரனுக்கு ஒரு வரி என்று வைத்தால், தூரத்துக்காரன் பக்கத்து வீட்டு வாசல் வழியாகத்தான் வருவான். பழி பக்கத்து வீட்டுக்காரன் தலையில் விழும். அப்போது செய்ய வேண்டியது வாசலை அடைப்பது இல்லை, வருகிறவன் யார் என்று இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து பார்ப்பது. 2020 செப்டம்பரில் இந்தியச் சுங்கத்துறை ஒரு விதி கொண்டுவந்தது. இப்படிச் சலுகை வரியில் சரக்கு இறக்குகிறவர், அது எங்கே விளைந்தது, எப்படித் தயாரானது என்ற விவரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். வெறும் சான்றிதழ் போதாது. அதாவது கேள்வி இங்கே வாங்குகிறவனிடம் கேட்கப்படுகிறது. சித்தப்பா 2018 பொங்கலிலேயே போனில் சொன்னது இதைத்தான்!

இன்னொரு சம்பவத்தையும் சொல்லி முடிக்கிறேன். அப்பாவும் சித்தப்பாவும் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தாலும் "நல்லா இருக்கியா, மழை எப்படி" என்பதோடு சரி, மிளகைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். 2023 டிசம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. இங்கே விலை ஏறக்கூடாது என்பதற்காக. இலங்கைக்குப் பெரிய வெங்காயம் பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் போகிறது. அங்கே விலை எகிறிவிட்டது. சித்தப்பா போனில் சிரித்துக்கொண்டே, "அண்ணே, இப்ப மாத்தளையில வெங்காயம் இல்லாமலே குழம்பு" என்றார். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாக, "நானாடா நிறுத்தினேன்?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அது 2018ல் சித்தப்பா கேட்ட அதே கேள்வி.

2024 ஏப்ரலில், தடை இருக்கும்போதே, இலங்கைக்கு 10,000 டன் வெங்காயம் அனுப்ப இந்தியா அனுமதித்தது. அங்கே சித்திரைப் புத்தாண்டு நேரம். அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்து சித்தப்பாவுக்கு முதலில் போன் போட்டது அப்பாதான். வெங்காயத்தில் ஆரம்பித்த பேச்சு, ஆறு வருஷத்துக்கு அப்புறம், "உங்க பக்கம் மிளகு இந்தத் தடவை எப்படி காய்ச்சிருக்கு?" என்பதில் வந்து நின்றது. அப்பாயி மாடிப்படியில் இல்லாமல் கூடத்திலேயே உட்கார்ந்து, போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.