என் குறை, அவள் சுமந்த பழி

என் மனைவிக்குக் குழந்தை நிற்கவில்லை என்று சொந்தபந்தம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், காரணம் என் உடம்பில் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், கோயிலுக்கு அனுப்பினேன், விசேஷ வீடுகளில் நாலு பேர் நடுவே தலைகுனிந்து உட்காரவிட்டேன். அதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்தக் குறை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆண்குறியின் மொட்டுக்கு அடிப்பக்கம், முன்தோலை மொட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும் சிறிய தோல் மடிப்பு ஒன்று உண்டு. ஆண்கள் எல்லாருக்கும் இருப்பதுதான். சிலருக்கு அது இயல்பாகவே நீளம் குறைந்திருக்கும். விறைப்பு வரும்போது முன்தோல் பின்னால் போகப் பார்க்கும், இந்த மடிப்பு விடாது. மொட்டு கீழ்நோக்கி வளையும், சுள்ளென்று இழுக்கும். உறவின்போது கிழிந்தும் போகும். அதற்குள் ஒரு சிறு ரத்தக்குழாய் ஓடுவதால், காயம் சின்னதாக இருந்தாலும் ரத்தம் பயமுறுத்தும் அளவுக்கு வரும். ஆறிய இடத்தில் தழும்பு விழும். தழும்புக்கு நெகிழ்வு குறைவு. ஆகவே முன்பைவிட இறுக்கம் கூடும், அடுத்த முறை இன்னும் சுலபமாகக் கிழியும். இது தொற்று நோய் கிடையாது. விந்தணுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தவறான பழக்கத்தால் வந்ததும் இல்லை.

இவ்வளவையும் ஒரு டாக்டர் எனக்குச் சில நிமிடங்களில் சொல்லிவிட்டார். அந்தச் சில நிமிடங்களுக்குப் போய்ச் சேர நான் பல வருடங்கள் எடுத்துக்கொண்டேன்.

தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து படிப்பைப் பாதியில் விட்டுத் திருப்பூர் வந்தவன் நான். பனியன் கம்பெனியில் கைமடிக்கும் பையனாகச் சேர்ந்து, பிறகு கட்டிங் டேபிளுக்கு வந்தேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டுவரை ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். லைன் வீட்டில் ஒரே அறையில் பல பேர் படுத்துக்கிடப்போம், வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்துப் பொதுக் குளியலறை. அந்த வயதிலேயே எனக்கு வலி இருந்தது. அறையில் பெண்களைப் பற்றி எல்லாரும் என்னென்னவோ பேசினார்கள். தன் உடம்பில் ஒரு வலி இருக்கிறது என்று மட்டும் ஒருவனும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

யாரிடம் போனேன் என்றால், சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து லாட்ஜுக்கு வந்துபோகும் ஒரு வைத்தியரிடம் போனேன். அவர் என்னைப் பரிசோதிக்கவே இல்லை. “கைப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார். நான் தலையைக் குனிந்ததும், நரம்பு கெட்டுவிட்டது என்று சொல்லி லேகியமும் எண்ணெயும் கொடுத்தார். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று. இந்த மாதிரி நோட்டீஸ்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. பாலியல் திறனைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதே அதன்படி குற்றம். சட்டம் வந்து எழுபது வருடமான பிறகும் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவர்களில் அந்த நோட்டீஸ்கள் இருக்கின்றன. வெட்கப்பட்டு வருகிறவன் போலீசுக்குப் போகமாட்டான் என்ற தைரியம்தான். அந்த லேகியத்தைவிட அவர் சொன்ன வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. என் பாவத்துக்கு வந்த தண்டனை இது என்று நம்பிவிட்டேன். தண்டனையை யாரிடம் போய்ச் சொல்வது?

எனக்குக் கல்யாணம் ஆனது 2011-இல். அந்த ஜனவரியில்தான் நொய்யல் ஆறு மாசுபடுவதைத் தடுக்க, சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. சாயம் இல்லாமல் துணி இல்லை, துணி இல்லாமல் கட்டிங் இல்லை. வாரத்தில் பாதி நாள் சும்மா இருந்தேன். பீஸ் ரேட்டில் ஓடுகிறவனுக்கு ஆஸ்பத்திரி போக நேரமேது என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த வருடம் எனக்கு நேரம் நிறைய இருந்தது. துணிச்சல்தான் இல்லை.

முதல் வாரத்திலேயே கிழிந்து ரத்தம் வந்தது. லுங்கியை நானே துவைத்துப்போட்டேன். காயம் ஆறும்வரை களைப்பு என்றேன், பிறகு காய்ச்சல் என்றேன். ஆறியதும் மறுபடி கிழிந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஆசையைவிடப் பயம் பெரிதாகிவிட்டது. வேலை சூடுபிடித்ததும் நைட் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் தூங்கின பிறகு வீட்டுக்கு வருவேன். எப்போதாவது பாதியில் விலகிவிடுவேன், காரணம் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஒருநாள் இருட்டில் அவள் கேட்டாள்: “ஏனுங்க, என்னைய உங்களுக்குப் புடிக்கலீங்களா?”

இல்லை அம்மணி, எனக்கு வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதில் சொல்லாததையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். தன் நிறம்தான் காரணம், தன் அப்பா போட்ட நகை குறைந்ததுதான் காரணம் என்று அவளாக எதையெதையோ நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

நம் பக்கத்தில் கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டினால் கேள்வி ஆரம்பித்துவிடும். “விசேஷமுங்களா?” என்பார்கள். என்னைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. வளைகாப்பு வீடுகளில் வளையல் போட அவளைக் கூப்பிடாமல் விட்டார்கள். என் அம்மாவே ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரியிடம், “வந்தவ ராசி அப்படி” என்றது என் காதில் விழுந்தது. நான் டீயைக் குடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போனேன்.

அவளை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அப்புறம் கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்திப் பார்க்கும் எக்ஸ்ரே. அந்தப் பரிசோதனை பலருக்கும் வலிக்கக்கூடியது. அவளுக்கு வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, கணவரை விந்துப் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள் என்றார்களாம். இந்த வாரம் ஷிப்மெண்ட், அடுத்த வாரம் கன்டெய்னர் என்று தள்ளிக்கொண்டே போனேன். என் விந்தில் கோளாறு இருக்காது, அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு நான்தான் சேர்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். பரிசோதனைக்குப் போனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவளை எக்ஸ்ரே மேஜையில் படுக்கவிட்டேன். இன்றுவரை என்னால் என்னை மன்னிக்க முடியாதது இதுதான்.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். செலவும் சிரமமும் குறைந்தது ஆணுக்கான பரிசோதனை. நியாயமாகப் பார்த்தால் இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்கத் தொடங்க வேண்டும். நம் வீடுகளில் ஆணின் முறை கடைசியில் வருகிறது, பல வீடுகளில் வருவதே இல்லை. அரண்மனையிலும் இதே கதைதான். பிரான்சின் பதினாறாம் லூயிக்கும் மேரி அன்டோனெட்டுக்கும் 1770-இல் கல்யாணம், முதல் குழந்தை 1778 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில், லூயியின் முன்தோல் இறுக்கம்தான் காரணம் என்று வதந்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது. அது உண்மைதானா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆனால் வியன்னாவிலிருந்து அவளுடைய தாய் மரியா தெரேசா எழுதிய கடிதங்கள் வாரிசு எங்கே என்று மகளைத்தான் நெருக்கின. பாரிஸ் தெருக்களின் ஆபாசத் துண்டுப் பிரசுரங்கள் அவளைத்தான் இழிவுபடுத்தின. ராணிக்கே அந்தக் கதி என்றால் லைன் வீட்டுப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? புருஷன் ஒருவன்தான் இருக்கிறான். அவனும் பேசாமல் இருந்துவிட்டால் யாரும் இல்லை.

நானாக மனம் திருந்திச் சொல்லவில்லை. ஒரு ராத்திரி ரத்தம் நிற்கவில்லை, மறைக்க வழியில்லாமல் போயிற்று. அவள் விளக்கைப் போட்டாள். பயந்துபோனாலும் என்னைத் திட்டவில்லை. சுத்தமான துணியை எடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள், ரத்தம் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. அப்புறம்தான் கேட்டாள், எவ்வளவு நாளாக இப்படி என்று. சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பறம் என்னைய ஏனுங்க அத்தன அலைய உட்டீங்க?” என்றாள். அதற்கு அப்போதும் என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

அடுத்த நாள் அவள்தான் என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் முகத்தில் சிரிப்போ வெறுப்போ இல்லை. வாரத்துக்கு வாரம் பார்க்கிற ஒன்று என்பதுபோல் பார்த்துவிட்டு, என் தொழிலைக் கேட்டார். கட்டிங் மாஸ்டர் என்றதும் எனக்குப் புரிகிற மாதிரியே விளக்கினார்: இறுக்கமாக நிற்கும் மடிப்பைக் குறுக்கே வெட்டி, வெட்டின வாயை நெடுக்காகச் சேர்த்துத் தைத்துவிட்டால் நீளம் கிடைத்துவிடும், பிடிக்கிற இடத்தில் துணியைத் தளர்த்திக் கொடுப்பதுபோல. முன்தோலை எடுக்க வேண்டியதில்லை. முன்தோலே மொத்தமாக இறுகி, பின்னால் வராமலிருப்பவர்களில் சிலருக்குக் களிம்பே போதும் என்றார், சிலருக்குச் சுன்னத் தேவைப்படும். எனக்கு அவை இரண்டும் வேண்டியிருக்கவில்லை.

அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசி போட்டார்கள். போட்ட ஊசி வலித்தது, அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கே வீடு திரும்பினேன். அதிகாலையில் தூக்கத்தில் விறைப்பு வரும்போது தையல் இழுத்தது, அதுதான் இருந்ததிலேயே பெரிய கஷ்டம். தையல் தானாகக் கரைந்து உதிர்ந்தது. காயம் முழுக்க ஆறும்வரை, நாலிலிருந்து ஆறு வாரம், உறவு கூடாது என்றார்கள். ஆண்மை போய்விடும், உணர்ச்சி செத்துவிடும் என்று நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

இப்போது எங்களுக்கு ஒரு மகள். இங்கேதான் நான் இரண்டாவதாக ஒரு தப்புச் செய்தேன். வேண்டுதல் பலித்தது, மருந்து வேலை செய்தது, அவளுக்கு இருந்த குறை தீர்ந்தது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. மகள் பிறந்த சந்தோஷத்தில் பழைய பழி தானே மறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அது மறையவில்லை. போன தை மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் என் அத்தை ஒருத்தி, குழந்தையில்லாத இன்னொரு பெண்ணிடம் என் மனைவியைக் காட்டி, “இவளுக்கும் கோளாறுதான் இருந்துது, வைத்தியத்துல சரியாச்சு” என்றாள். என் மனைவி சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். அத்தை, அம்மா, இதைப் படிக்கிற எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்: அவளுக்கு எந்தக் கோளாறும் எப்போதும் இருந்ததில்லை. கோளாறு எனக்கு.

என்னைப்போல் இருக்கிற தம்பிகளுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். பிளேடாலோ நூலாலோ நீங்களே எதுவும் செய்துகொள்ளாதீர்கள், ரத்தக்குழாய் அங்கேதான் இருக்கிறது. கிழிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், அப்படியும் நிற்காவிட்டால் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புண் ஆறாமல் உறவு வேண்டாம். திறந்த காயம் எச்.ஐ.வி. உட்படப் பல கிருமிகளுக்கு வாசல். முன்தோலில் அடிக்கடி புண் வந்தால் சர்க்கரையைப் பாருங்கள். சின்னப் பையன்களுக்கு முன்தோல் பின்னால் வராமலிருப்பது இயற்கை. பெற்றவர்கள் அதைப் பலவந்தமாக இழுக்கக் கூடாது.

திருப்பூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள், வைத்தியம் தேடிக் கோவைக்கு அலையவேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறவர்களுக்குச் சிகிச்சையும் உண்டு, டாக்டர் சான்று கொடுத்தால், விதிப்படி பிடித்தம் கட்டிவந்தவர்களுக்கு, ஓய்வெடுக்கும் நாளுக்கு எழுபது சதவீதக் கூலியும் உண்டு. கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையே இல்லை. அதைக் கொடுக்காத முதலாளிகளும், லீவு கேட்டால் என்ன வியாதி என்று லைன் முழுக்கக் கேட்கும்படி விசாரிக்கும் சூப்பர்வைசர்களும் செய்வது அநியாயம்.

இந்த வாரமே போய்க் காட்டுங்கள். கல்யாணம் ஆகியிருந்தால், போவதற்கு முன்னால் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.