இருபூ நிலத்து விசுவாசம்

நாகர்கோவிலைச் சூழ்ந்த நாஞ்சில் நாட்டு வயல்கள் ஆண்டுக்கு இருமுறை விளைபவை. கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டி அறுவடைக்கு வருவது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியை ஒட்டி அறுப்பது கும்பப்பூ. இரண்டையும் தரும் நிலத்துக்கு இருபூ நிலம் என்று பெயர். இம்மண்ணில் வேர்பிடித்த சீர்திருத்தக் கிறிஸ்தவமும் இந்த வேளாண் கணக்கோடு ஒட்டியே வளர்ந்தது என்பது, ஊரிலேயே இருப்பவர் கண்ணுக்குப் படுவதைவிட, இளமையில் வெளியேறி முதுமையில் திரும்பும் ஒருவரின் கண்ணுக்குச் சற்றுத் தாமதமாகவேனும் துலக்கமாகப் படுகிறது.

1806ஆம் ஆண்டு மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய பணியை 1818இல் வந்த மீட் ஐயர் நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ஜனவரி முதல் நாள் அங்கே பெரிய கற்கோயிலுக்கு அடிக்கல் இடப்பட்டது. தலைமை ஊர் என்னும் பொருளில் கஸ்பா சபை என்று அழைக்கப்படும் அக்கோயிலுக்கு யானைகள் கல் இழுத்த கதையை ஊரில் யாரும் சொல்வார்கள். அதைவிடக் கவனிக்கத்தக்கது, திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய் அளித்த 5,000 ரூபாயில் நெல்வயல்கள் வாங்கப்பட்டு, மிஷன் பள்ளிக்கு அவற்றின் வருமானம் ஆதரவாக அமைந்த செய்தி. பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த அப்பள்ளியின் படிப்புக்கும் மழை பொய்க்காமல் இருக்க வேண்டியிருந்தது.

இச்சபைகளில் விசுவாசம் உள்ளத்தின் உறுதியாக மட்டும் இருந்ததில்லை. வயதுக்கேற்ற வேலையாகவும் அது பங்கிடப்பட்டிருந்தது. சிறுவர்க்கு ஞாயிறு காலையில் வேதம் கற்பிக்கும் ஓய்வுநாள் பள்ளி மனப்பாட வசனங்களைக் கேட்டது. குழந்தைப் பருவ ஞானஸ்நானத்தில் பெற்றோர் கொடுத்த வாக்கை வளர்ந்தவர் தம் வாயால் ஏற்றுக்கொள்ள, பேராயர் தலையில் கைவைத்து ஜெபிக்கும் திடப்படுத்தல் என்ற சடங்கு இளைஞரைத் திருவிருந்துக்கு அழைத்தது. டிசம்பர் இரவுகளில் வீடுவீடாகப் பாடிச் செல்வதும் அவர்கள் பொறுப்பு. குடும்பம் நடத்தும் பெண்களுக்கு வாய்த்தது பிடியரிசி: உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப்பானையில் இட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொடுப்பது. கூலி கிடைக்காத நாளிலும் அந்தக் கை பானைக்குப் போனதையும், அன்று பிடி சற்றுச் சிறுத்ததையும் எந்த ஆண்டறிக்கையும் எழுதி வைத்திருக்காது. முதியவர்களுக்குரியது துக்க வீட்டில் எழுந்து ஜெபம் சொல்லும் உரிமை. அதை யாரும் வழங்குவதில்லை, ஒருநாள் எல்லோரும் தம்மைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் அது வந்துவிட்டது என்று தெரியும்.

இளமையில் ஊரைவிட்டுக் குவைத்துக்குச் சென்ற ஒருவருக்கு இந்த வரிசை இடையில் அறுந்தது. அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வெள்ளிக்கு மாறியது. ஒரே வளாகத்தில் பல மொழிச் சபைகள் நேரம் வகுத்து இடத்தைப் பங்கிட்டுக்கொண்டதால், ஒரு சபை கடைசிப் பாட்டைப் பாடும்போதே அடுத்த சபை வாசலில் நின்றது. ஊரில் கடமையாக இருந்த விசுவாசம் அங்கே தாய்மொழியைக் கேட்கும் இடமாயிற்று. தேவரீர், கிருபை, ஸ்தோத்திரம் ஆகிய சொற்களைப் பிள்ளைகள் வேறெங்கும் கேட்டறியாமல், ஜெபத்தில் மட்டுமே பேசப்படும் ஒரு தனித் தமிழ் இருப்பதாக எண்ணி வளர்ந்தார்கள். விடுமுறை எப்போதும் ஜூலை, ஆகஸ்டில் அமைந்தது. பெற்றோர் மறைந்தபின் அந்த வருகையும் நின்றது. இவ்வாறு முப்பது ஆண்டுகள் இரண்டு அறுப்புக்கும் வெளியிலேயே கழிந்தன. இவருக்குச் சிறுவனின் வசனங்கள் பிசகாமல் நினைவிருக்கின்றன, முதியவரின் நரையும் வந்துவிட்டது. நடுவே ஒரு பூ தரிசாகக் கிடக்கிறது.

திரும்பி வந்தவருக்கு முதலில் தோன்றுவது மனக்குறைதான். பாட்டுப்புத்தகம் இருந்த கைகள் வெறுமையாக இருக்க, பாடல் வரிகள் திரையில் ஓடுகின்றன; வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. ஆயினும் இக்குறை முழுவதும் நியாயமானதன்று. மேலை மெட்டில் அமைந்த ஞானப்பாட்டும் கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனையும் ஒரே ஆராதனைக்குள் பழகிப்போன சபைக்குத் திரை ஒரு பெரிய மாற்றமாகாது. கண்ணாடியை வீட்டில் மறந்து வந்த கிழவி அதைப் பார்த்தே பாடுகிறாள் என்பதையும் பார்க்க வேண்டும்.

அறுப்பின் பண்டிகை, அதாவது முதல் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் நாள், இன்றும் நடக்கிறது. படைப்பில் நெல்லைவிடக் கேக் பெட்டிகளே அதிகம். தேங்காயும் கோழியும் ஏத்தன் வாழைக்குலையும் இன்னும் வருகின்றன. ஆராதனை முடிந்ததும் அவை ஏலத்துக்கு விடப்படுகின்றன. திரும்பி வந்தவர் ஒரு குலையைக் கேட்டார். ஊர்க்காரர் ஒருவர் விட்டுக்கொடுக்காமல் ஏற்ற, விலை கடையில் விற்பதன் பல மடங்கைத் தாண்டியது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனபோதுதான், ஏலம் கூறியவர் அடுத்த பொருளைத் தொடாமல் நிற்பதும், கூட்டம் மரியாதையாகக் காத்திருப்பதும் அவர் கண்ணில் பட்டன. எடுத்தவர் அதை மறுபடியும் படைக்க வேண்டும், அது மீண்டும் ஏலம் போக வேண்டும், ஒரே குலை மூன்று நான்கு முறை விற்றால்தான் பண்டிகை என்பது அங்கிருந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவர் திரும்பி நடந்து, குலையை மேசையில் வைத்தார். ஏலம் கூறியவர் பழைய விலையிலிருந்தே தொடங்கினார்.