‘ஸ்டாக் இல்லை’ என்றேன்

1991 கடைசியில் சோவியத் யூனியன் கலைந்தபோது நான் ஒரு விமானப்படைத் தளத்தின் ஸ்டோர்ஸில் இருந்தேன். மிக்-21 பிஸ் விமானத்தின் ஆர்-25 எஞ்சினுக்கான உதிரிபாகங்கள் என் பொறுப்பு.

ஆர்-25 ஒரு டர்போஜெட். ஒடிசாவின் கோராபுட்டில் எச்.ஏ.எல். உரிமம் பெற்றுச் செய்தது. முன்னால் மூன்று அடுக்கு, பின்னால் ஐந்து அடுக்கு என்று இரண்டு தனித்தனித் தண்டுகளில் சுழன்று காற்றை அழுத்தும். ஆஃப்டர்பர்னர் போட்டால் சுமார் 7,100 கிலோ உந்துவிசை. தாழப் பறக்கையில் அவசரத்துக்கு 9,900 வரை தள்ளலாம், சில நிமிடம் மட்டும். இவ்வளவு வீராப்பும் எரிபொருள் கசியாதவரைதான். பம்புக்குள் மோதிரம் அளவு ரப்பர் வளையம் ஒன்று இறுகிவிட்டால் விமானம் தரையை விட்டு எழும்பாது.

இங்கேயே செய்த எஞ்சின்தான். ஆனாலும் பல பொருள்களுக்கு சோவியத்தை நம்பியிருந்தோம். அதுவரை ஒரே நாட்டுக்கு எழுதினால் போதும். இப்போது அதன் ஆலைகள் வெவ்வேறு நாடுகளில் கிடந்தன. வரத்து சுருங்கியது.

நான் பதுக்கினேன். எங்கள் எஞ்சின் பிரிவுக்குக் கொடுத்ததாக வவுச்சர் போட்டு, லெட்ஜரில் கழித்து, வளையப் பெட்டிகளை என் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். பணத்துக்காக இல்லை. (இப்படிச் சொல்லிக்கொள்வதிலும் ஒரு சுகம் இருக்கிறது, அதையும் முழுக்க நம்பவேண்டாம்.) எங்கும் கிடைக்காதது இவரிடம் கிடைக்கும் என்று அதிகாரிகள் என் மேஜைக்கு வந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்துத் தளத்து ஸ்டோர்ஸ்காரர் போன் செய்தார். "அண்ணே, ஒரு செட் இருந்தா குடுங்க. ரெண்டு விமானம் நிக்குது."

"ஸ்டாக் இல்லப்பா. நானே கேட்டு எழுதிப்போட்டிருக்கேன்."

அவர்கள் வேறு எஞ்சினைப் பிரித்து, அதிலிருந்து எடுத்துப் போட்டார்கள். பிரித்த எஞ்சின் ஷெட்டிலேயே கிடந்தது. தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

ரப்பருக்கு ஆயுள் உண்டு. எஞ்சினில் ஏறாவிட்டாலும், செய்த தேதியிலிருந்தே அதற்கு வயது ஓடும். பிறகொரு நாள் டிரங்கைத் திறந்தேன். பெரும்பாலான பெட்டிகளில் தேதி கடந்திருந்தது. ஸ்டோர்ஸ்காரனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், தேதியைப் பார்க்கத்தான் மனம் வரவில்லை. முறைப்படி கழிவில் சேர்க்கவும் வழியில்லை. கணக்கில் அவை என்றைக்கோ எஞ்சினில் ஏறிவிட்டவை. கத்தியால் துண்டு துண்டாக வெட்டி, குப்பையோடு கலந்தேன். தணிக்கையில் என் லெட்ஜர் சுத்தம் என்று எழுதினார்கள்.

2025 செப்டம்பரில் சண்டிகரில் மிக்-21க்கு விடைகொடுத்த அன்று அந்தத் தம்பி போன் செய்தார். பழைய கதையெல்லாம் பேசிவிட்டு, "அந்தக் காலத்துல எல்லாரும் ஒளிச்சு வெச்சானுங்கண்ணே. நீங்க ஒருத்தர்தான் இருந்தா இருக்குன்னு சொல்வீங்க, இல்லேன்னா இல்லேன்னு சொல்வீங்க" என்றார்.

நான் அவருடைய பேரன் என்ன படிக்கிறான் என்று விசாரித்தேன்.